பலகைக்கு வைத்த பொட்டு

காலை எட்டு மணி ஐந்து நிமிடம். ஐந்தாம் வகுப்பின் கதவுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்புக் கோடு.

ஸ்மார்ட் போர்டின் இடது ஓரத்தில் தொடங்கி அது மெதுவாக வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை நின்றது. பிறகு மனம் மாறியதுபோலக் கீழே இறங்கியது. போர்டை யாரும் தொடவில்லை.

நாலடி தள்ளி, தலைமையாசிரியர் கலியபெருமாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகளை முன்னால் கொண்டுவந்து விரித்துக் காட்டினார்.

"நான் தொடலைங்க சார்."

"தெரியுது."

"ஆன் பண்ணினேன். அவ்வளவுதான். அதுவா எழுதுது."

"என்ன எழுதுது?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் முடிக்கலை" என்றார்.

போர்டின் இரு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. மேலே மாவிலைத் தோரணம். நான்கு மூலைகளிலும், சட்டத்தின் மேல், தாராளமாகச் சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமம் இட்டிருந்தார்கள். விடுமுறை விடுவதற்கு முன், முந்தாநாள் பள்ளியில் நடந்த ஆயுதபூஜையின் மிச்சம் இது. எங்கள் பக்கத்தில் டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் தையல் மெஷினுக்கும் வைப்பதைத்தான் போர்டுக்கும் வைத்திருந்தார்கள். பூஜைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை ஆன் செய்தார்கள்.

அன்று விஜயதசமி. சிறு பிள்ளைகளுக்கு முதல் எழுத்தை எழுத வைத்துப் பள்ளியில் சேர்க்கிற நாள். விடுமுறைதான். ஆனாலும் சேர்க்கைக்காகப் பள்ளியைத் திறந்து வைத்திருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் ‘கல்வியாளர்’ என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ஆயுள் முழுக்கப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவனுக்குக் கல்வியாளர் என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டால், ஊரில் அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வரக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

ஒரு பிள்ளை குறைவு

மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் போகிற சாலையில் இடப்பக்கம் பிரிந்து, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியரோடு சேர்த்து மூன்று ஆசிரியர்கள். மூன்றாவது ஆசிரியர் இருப்பதற்கு வேண்டிய எண்ணிக்கையில் அந்த வருடம் ஒரு பிள்ளை குறைந்தது. குறைந்தால் மூன்றாமவரை ‘பணி நிரவல்’ என்று ஆள் பற்றாத வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

மூன்றாமவர் ஜன்னத் டீச்சர். கூத்தாநல்லூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஆள் பற்றாத பள்ளி கோடியக்கரைப் பக்கம், உப்பளத்துக்கு அருகில் இருந்தது. அங்கே போனால் அங்கேயே தங்க வேண்டும். ஜன்னத் டீச்சரின் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. பள்ளி விட்டதும் அவரை மன்னார்குடிக்கு அழைத்துப்போய் அழைத்துவர வேறு ஆள் இல்லை.

விஜயதசமிச் சேர்க்கை முடிகிறவரை பட்டியலை அனுப்பாமல் வைத்திருக்கிறோம் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள்.

ஊரில் சேர்க்கிற வயதில், எங்கும் சேராமல், ஒரே ஒரு பிள்ளைதான் பாக்கி. யாழினி. அவளுடைய அப்பா செந்தில் சிங்கப்பூரில் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். அம்மா சுகந்திக்கு உள்ளூர்ப் பள்ளியே போதும். வீட்டுக் கொல்லையில் நின்றால் பள்ளி தெரியும். செந்திலுக்கு மன்னார்குடியில் வேன் அனுப்பும் ஆங்கிலப் பள்ளி. ஒரு வாரம் போனிலேயே சண்டை நடந்து, கடைசியில் செந்தில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்திருந்தார்.

"பெரிய போர்டு இருக்குங்குறீங்கல்ல? அது வேலை செய்யுறதை வீடியோ கால்ல நான் பாக்கணும். எம்பொண்ணு அதுல ‘அ’ எழுதணும். எழுதுனா அங்கயே சேத்துவிடுங்க. இல்லன்னா அன்னிக்கே வேன்ல ஏத்திவிட்டுடுங்க."

ஒன்பது மணிக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆங்கிலப் பள்ளியும் சேர்க்கைக்காக அன்று வேன் அனுப்பியிருந்தது. அது பாலத்தில் வந்து நின்றுகொண்டது.

பீரோவுக்குப் பாடம்

போர்டு வந்த புதிதில் அதை யாரும் தொடவில்லை. தலைமையாசிரியர் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி, அறையைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு அந்த அறையில் நோயாளி யாரோ படுத்திருப்பதாக நினைப்பு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போவார்கள்.

மின்சாரமும் ஒரு கணக்குப் பார்க்கும். அந்த அறையில் ஃபேனும் போர்டும் ஒரே சமயத்தில் ஓடாது. சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டுகள் ஓடும்போது இரண்டுமே ஓடாது.

பிறகு இணையவழிப் பயிற்சி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஆசிரியர்கள் பலர் கேமராவை அணைத்துவிட்டுச் சமையலைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் வணக்கம் சொல்லும்போது இருந்தார், நன்றி சொல்லும்போது இருந்தார். ஜன்னத் டீச்சர் முழுதும் பார்த்தார். புரியாததை மறுபடி பஸ்ஸில் பார்த்தார். போர்டு பள்ளியில் பூட்டிக் கிடந்ததால் வீட்டில் இரும்பு பீரோவின் கதவில் பழகினார். ஒரு விரலால் இழுத்தால் எழுத்து, உள்ளங்கையால் தேய்த்தால் அழிப்பு, இரண்டு விரலை விரித்தால் படம் பெரிதாகும். கதவில் ஒன்றும் ஆகாது என்றாலும் கைக்குப் பழக்கம் வரும் என்பது அவர் எண்ணம்.

கட்டிலில் படுத்திருந்த கணவர் கேட்டாராம்:

"என்ன, பீரோவுக்குப் பாடம் நடத்துறியா?"

"ஆமா. உங்களைவிட அது கவனமா கேக்குது."

இதை டீச்சரே என்னிடம் சொன்னார். பூட்டைத் திறக்க வைத்ததும் அவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் பஸ் வரும்வரை உட்கார்ந்து பாடங்கள் தயாரித்தார். முதல் பாடம் கொக்கு. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே நடந்து போகும் கொக்குகளைத் தன் போனில் படம்பிடித்து, அதற்குக் கீழே எழுத்தைச் சேர்த்து, தொட்டால் குரல் வரும்படி செய்திருந்தார். குரலும் அவருடையதுதான். கோடை விடுமுறையிலும் வந்து செய்ததில் அப்படி நிறையப் பாடங்கள் சேர்ந்திருந்தன.

எல்லாம் போர்டுக்குள்ளேயே இருந்தன. பிரதி எடுத்து வைக்கப் பள்ளிக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார்கள். அது வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தது.

நெற்றியில் விழுந்த புள்ளி

பூஜையும் இயந்திரமும் மோதிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் செய்திப் பிரிவின் ராத்திரி டீயைப் பற்றி எழுதியிருந்தேன். அதே அலுவலகத்துக்கு முதல் ஸ்கேனர் வந்த வருடம், ஆயுதபூஜையன்று யாரோ அதற்கும் பொட்டு வைத்தார்கள். வெளியே வைத்திருந்தால் பரவாயில்லை. மூடியைத் திறந்து கண்ணாடி மேலேயே வைத்துவிட்டார்கள். மறுநாள் அவசரமாகத் துடைத்ததில் குங்குமத்தின் ஒரு சின்னப் புள்ளி மட்டும் தங்கிப்போனது.

அதற்குப் பிறகு மாவட்டப் பக்கத்தில் வந்த ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. சிலருக்குக் கன்னத்தில். சிலருக்கு மூக்கு நுனியில். ஒரு மாட்டுச் சந்தைப் படத்தில் ஒரு மாட்டின் வயிற்றில். யாரும் கவனிக்கவில்லை. ஒரு பகுத்தறிவுப் பேச்சாளரின் படத்தில் அது சரியாக நெற்றி நடுவில் விழுந்தபோதுதான் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். அதை எழுதியவன் நான்தான். ‘நேற்றைய படத்தில் காணப்படுவது அச்சுப் பிழை. அவர் பொட்டு வைப்பதில்லை.’ பத்திரிகை ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது என்றார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

கலியபெருமாள் சாரும் அந்தப் பேச்சாளரின் வழிதான். சாமி கும்பிடுவதில்லை. பள்ளியில் பூஜை நடந்தபோது வராந்தாவில் வெளிப்பக்கம் பார்த்து நின்றிருந்தார். பொரி கடலை வந்தபோது கைநீட்டி வாங்கிக்கொண்டார். பொரி கொள்கைக்கு விரோதமில்லை என்பது அவர் நிலை.

நாலு விரல்

எட்டரை மணிக்கு முன்பே ஜன்னத் டீச்சர் வந்துவிட்டார். இதற்குள் போர்டில் கோடுகள் பெருகி, பிரிந்த நூல்கண்டு போல ஆகியிருந்தன. தலைமையாசிரியர் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்திருந்தார். பண்டிகை நாளிலும் எடுத்தார்கள். ஒரு பெண் குரல். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், போர்டை யாராவது தொட்டுட்டிருக்காங்களா?"

"இல்லம்மா. எல்லாரும் தள்ளித்தான் நிக்கிறோம்."

"இன்டர்நெட் வழியா இங்கேருந்தே பாக்குறேன் சார், ஒரு நிமிஷம்." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "சார், நாலு விரல் காட்டுது."

"எங்க?"

"போர்டு மேல சார். நாலு பேரு ஆளுக்கொரு விரலை அழுத்தி வச்சிருக்கிற மாதிரி காட்டுது. எடுக்கவே இல்ல."

கலியபெருமாள் சார் அறையைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அவர் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்ததை நான் கவனித்தேன். காற்றுக்காக இருக்கலாம்.

ஜன்னத் டீச்சர் போர்டுக்குக் கிட்டே போய், தலையைச் சாய்த்து, சட்டத்தின் உள்விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தார். ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"சார், நாலு பொட்டு."

பிறகு விளக்கினார். இந்த வகைப் போர்டில் கண்ணாடிக்குத் தொடு உணர்வு கிடையாது. சட்டத்தின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும், எதிர்ப்பக்கம் அதைப் பிடிக்கும். நடுவில் விரல் குறுக்கிட்டால் அந்த இடத்தில் தொட்டதாகப் போர்டு எடுத்துக்கொள்ளும். சந்தனம் கெட்டியாக வைத்ததில் உள்விளிம்பைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தது.

"ஆமா மேடம், அப்படித்தான் இருக்கும்" என்றது உதவிக் குரல். "காஞ்ச துணியால மெதுவா துடைச்சி எடுத்துடுங்க. சரியாயிடும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணும்" என்றார் தலைமையாசிரியர். "யாரு துடைக்கிறது?"

"சார்?"

"ஒண்ணுமில்லம்மா. வச்சிடு."

துடைக்க ஆள்

உலர்ந்த துணி இருந்தது. மேசை மேல், மடித்தபடி, மூன்று பேருக்கும் எட்டும் தூரத்தில்.

சிக்கல் இதுதான். அந்தப் பொட்டுகளை வைத்தவர் கல்யாணி. எங்கள் ஊர் வார்டு மெம்பர். பூஜைக்குச் சந்தனம் அரைத்து, கிண்ணத்தில் கொண்டுவந்து, தன் கையால் வைத்துவிட்டுப் போனவர். அதைவிட முக்கியம், அவர் செந்திலின் அக்கா. யாழினியை அன்று அழைத்து வரப்போவதும் அவர்தான். பூஜையில் வைத்த பொட்டைத் தானாக உதிர விடுவார்களே தவிர, எங்கள் ஊரில் யாரும் துடைக்க மாட்டார்கள். பஸ்ஸிலும் லாரியிலும் தீபாவளி தாண்டியும் இருக்கும். அதுவும் விஜயதசமியன்று, வைத்தவர் வந்து நிற்கப்போகும் நேரத்தில்.

"நீங்கதான் சார் துடைக்கணும்" என்றேன் தலைமையாசிரியரிடம். "உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே."

"அதனாலதாங்க நான் தொடக் கூடாது. எனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஊருக்கே தெரியும். ‘சரஸ்வதி பொட்டை கலியபெருமாள் அழிச்சிட்டாரு’ம்பாங்க. நம்பிக்கை இருக்கிறவன் துடைச்சா அது சுத்தம் பண்ணுறது. நான் துடைச்சா கொள்கையாயிடும்."

இதில் தர்க்கம் இருந்தது.

ஜன்னத் டீச்சர் துணியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "நான் தொட்டா என்ன ஆவும்னு உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னார். தெரிந்தது.

"அப்ப நீங்க?" என்று தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பொதுவான ஆளு."

நடப்பதைப் பார்ப்பதுதான் என் தொழில், அதில் கை வைப்பதில்லை என்றேன். நான் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிவிட்டதே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஃபேனைப் போட்டால் காற்றில் உதிருமா என்று பார்த்தோம். ஃபேன் போட்டதும் போர்டு அணைந்தது. ஃபேனை நிறுத்திப் போர்டைப் போட்டோம். நாலு விரலும் திரும்ப வந்தன.

"பேசாம நெல்லுல எழுத வச்சிடுவோமா?" என்றார் தலைமையாசிரியர். ஒரு தாம்பாளத்தில் குறுவை நெல் பரப்பித் தயாராக இருந்தது. அதுதான் வழக்கம்.

"செந்தில் போர்டுல எழுதுனாத்தான்னு சொல்லியிருக்காரு சார்" என்றார் ஜன்னத் டீச்சர்.

வெளியே பாலத்தில் வேன் ஹாரன் அடித்தது.

அழுக்கை யார் வேண்டுமானாலும் துடைக்கலாம்

கல்யாணி முன்னால் வந்தார். பின்னால் சுகந்தி. சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு யாழினி, பட்டுப் பாவாடையில், காலையிலேயே பொரி தின்ற வாயோடு.

"என்ன, நல்ல நாளும் அதுவுமா எல்லாரும் இப்படி நிக்கிறீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ஜன்னத் டீச்சர்தான் பேசினார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். போர்டு தானா எழுதுது."

"அதான் ஸ்மார்ட் போர்டுன்னாங்களே."

"இல்லக்கா, கோளாறு. நீங்க வச்ச சந்தனம் சட்டத்துல கண்ணை மறைக்குது. அதை விரல்னு நெனச்சுக்குது."

தலைமையாசிரியர் நின்றுபோயிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"எந்தப் பொட்டு?"

"நாலும்."

"நாலுமா? ஒண்ணைக்கூட ஒழுங்கா வைக்கலையா நானு?" கல்யாணி போர்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இது எப்ப தெரிஞ்சிச்சு?"

"கொஞ்ச நேரமாச்சுக்கா."

"அதுவரைக்கும் மூணு பேரும் என்ன பண்ணுனீங்க?"

அவர் மேசையில் இருந்த துணியைப் பார்த்தார். அது எங்கள் மூவரின் பதிலையும் சொல்லிவிட்டது.

"படிச்சவங்க" என்றார் சுகந்தியிடம். "வச்சவளுக்கு எடுக்கத் தெரியாதா?"

துணியை அவர் எடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முந்தானையை நனைத்துக்கொண்டார். "அக்கா, ஈரம் வேணாம்" என்று ஜன்னத் டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் நாலு மூலையும் ஆகிவிட்டது. காய்ந்த சந்தனம் ஈரத்தில் குழைந்து சட்டத்தின் உள்விளிம்பு நெடுக வழிந்தது.

இப்போது போர்டுக்கு எத்தனை விரல் தெரிந்ததோ சொல்ல முடியாது. முதலில் கால்குலேட்டர் திறந்தது. ஏதோ ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டு விடையும் சொன்னது. பிறகு உலக வரைபடம் வந்து கிறுகிறுவென்று சுழன்றது. கொக்கு பாடம் ஒரு நொடி எட்டிப் பார்த்து, ஜன்னத் டீச்சரின் குரலில் "கொக்கு" என்று சொல்லிவிட்டு மறைந்தது. யாழினி கைதட்டினாள். அதற்குப் பிறகு பட்டியல்கள், பட்டியலுக்குள் பட்டியல்கள். கடைசியில் திரை முழுவதும் சீன எழுத்தாக மாறி நின்றது.

"நெல்லு இருக்கு…" என்று தலைமையாசிரியர் மெல்ல ஆரம்பித்தார்.

"நெல்லு எங்க வீட்டுலயே கெடக்கு சார். அதுல எழுத ஸ்கூல் எதுக்கு?" என்றார் கல்யாணி. பிறகு துணியை எடுத்து ஜன்னத் டீச்சரிடம் நீட்டினார். "நீங்க துடைங்க டீச்சர். இப்ப அது பொட்டு இல்ல, அழுக்கு. அழுக்கை யாரு வேணா துடைக்கலாம்."

டீச்சர் துடைத்தார். விளிம்பு நெடுக, மூலைக்கு மூலை, நகத்தைத் துணிக்குள் விட்டு. போர்டு அமைதியானது. சீனம் மட்டும் போகவில்லை.

அப்போது சுகந்தியின் போன் அடித்தது.

சிங்கப்பூரிலிருந்து

சுகந்தி போனைத் திருப்பிப் போர்டைக் காட்டினார். மஞ்சள் தலைக்கவசத்தோடு செந்திலின் முகம் சின்னச் சதுரத்தில் தெரிந்தது.

"என்னக்கா, அது என்ன சீனாக்காரன் ஸ்கூலா?"

"நீதான்டா தம்பி சொல்லணும். அங்கதானே இருக்கே."

"எங்கேருந்து வந்துச்சு?"

"அதெல்லாம் கேக்காதே. இதுக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லு."

செந்திலின் குரல் மாறியது. அதுவரை பரிசோதிக்க வந்தவர், இப்போது பொறுப்பெடுத்துக்கொண்டவர் போலப் பேசினார்.

"கிட்டக்கக் காட்டு. இன்னும் கிட்டக்க. எத்தனை வருஷமா சைனாக்காரங்ககூட வேலை பாக்குறேன், இதுகூடத் தெரியாதா? அந்த மேல் வரியில ரெண்டாவது எழுத்து இருக்குல்ல? அது எனக்குத் தெரியும்."

"என்னது?"

"எங்க சைட்டு டாய்லெட்டுல போட்டிருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலை. இரு. கீழ ரெண்டு பட்டன் இருக்கா? வலப்பக்கம் நீலக் கலர்ல? அது ‘சரி’ன்னு அர்த்தம். லிஃப்டுல பாத்திருக்கேன். அதை அமுக்குங்க."

"எதுக்குச் சரி?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"எல்லாத்துக்கும் சரி. அமுக்குங்க சார்."

தலைமையாசிரியர் விரலை நீட்டினார். நான் ஜன்னத் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரையின் நடுவில், எழுத்துகளுக்கு மேலே இருந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டமாகத் திரும்பித் தன்னையே தொடும் ஓர் அம்புக்குறி. இந்தப் பக்கத்துக்கு மட்டும் போகவே போகாதீர்கள் என்று பயிற்சியில் சொன்ன படம் அதுதான் என்று பிறகு எனக்குச் சொன்னார். ‘சரி’ என்றால் போர்டு புதிதாக வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். உள்ளே சேர்த்தது ஒன்றும் இருக்காது.

"டீச்சர், அமுக்கவா?" தலைமையாசிரியரின் விரல் காற்றில் நின்றது.

"பக்கத்துப் பட்டன் என்னது?" என்று போனைப் பார்த்துக் கேட்டார் டீச்சர்.

"அது வேணாம்னு அர்த்தம் டீச்சர். அதை அமுக்குனா இங்கயே நிக்கும். அப்புறம் எனக்கும் வழி தெரியாது. எனக்கு பிரேக் முடியப் போவுது."

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. சுகந்தி போனைத் தாழ்த்திப் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தார். யாழினியின் துணிப்பை அவர் தோளில் தயாராகவே இருந்தது.

"அமுக்குங்க சார்" என்றார் ஜன்னத் டீச்சர்.

திரை கறுத்தது. சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. வெகுநேரம் கழித்து, வெள்ளையாக, வெறுமையாக, ஆங்கிலத்தில் வரவேற்பு சொல்லிக்கொண்டு போர்டு திரும்ப வந்தது.

"வந்துச்சா? வந்துச்சா?" என்று போனுக்குள் கத்தினார் செந்தில். பக்கத்தில் யாரிடமோ "ஊர்ல ஸ்கூல் போர்டு பிரதர், இங்கேருந்தே சரிபண்ணிட்டேன்" என்று சொல்வது கேட்டது.

ஜன்னத் டீச்சர் யாழினியை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார். கையைப் பிடிக்கவில்லை. "எழுதும்மா" என்றார்.

யாழினி விரலை வைத்து ஒரு பெரிய வட்டம் போட்டாள். உள்ளே இன்னொரு வட்டம். சுற்றிலும் குட்டிக் குட்டிக் கோடுகள். போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னடா கண்ணு இது?" என்றார் கல்யாணி.

"டிராக்டர் டயரு அத்தை."

"எழுதிட்டாளா?" என்றது, சுகந்தியின் கையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த போன்.

"எழுதிட்டா" என்றார் தலைமையாசிரியர்.

"அப்ப சேத்துக்குங்க சார். நான் ரெடி பண்ணின போர்டு, இனிமே பயமில்ல. ஏதாவது கோளாறுன்னா எனக்கு போன் அடிங்க."

சுகந்தி துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கி மேசை மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கொக்கு

எல்லாரும் போன பிறகு தலைமையாசிரியர் வாழைக்கன்றுகளை அவிழ்த்து வெளியே எடுத்துப் போனார். ஜன்னத் டீச்சர் போர்டின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாடங்கள் இருந்த இடத்தைத் திறந்தார். காலியாக இருந்தது. மூடிவிட்டு இன்னொரு முறை திறந்தார்.

கோடையில் அவர் வந்து உட்கார்ந்திருந்த மத்தியானங்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய படங்கள் போனில் இருக்குமே என்றேன்.

"கொஞ்சம் இருக்கும் சார். குரல்தான் திரும்பப் பதியணும்." டயர் படத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை. "கொக்கு பாடத்துல எனக்கு ஒரு குறை இருந்துச்சு. படம் சின்னதா போயிடுச்சு. பின்பெஞ்சிலேருந்து பாத்தா ஏதோ காகிதம் பறக்குற மாதிரி இருக்கும். இப்ப பெருசா போட்டுடலாம்."

"இன்னிக்கேவா?"

"பஸ் வர நேரமிருக்கு."

வெளியே சாலையில் காயப்போட்ட நெல்லை யாரோ காலால் கிளறிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, போர்டைப் பார்த்து, "கொக்கு" என்று சொன்னார். திருப்தி வரவில்லை. மறுபடி சொன்னார்.

மாதக் கடைசியில் பணி நிரவல் பட்டியல் வந்தது. ஜன்னத் டீச்சரின் பெயர் அதில் இல்லை. கோடியக்கரைப் பள்ளிக்கு நேராக, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சரின் பெயர் இருந்தது.